டென்சில் வீட்டு வாசல் குழி

"மூணாவது கிராஸ்ல, எங்க வீட்டு முன்னாடி ஒரு பெரிய குண்டி இருக்கு!"

டென்சில் எழுந்து நின்று இதைச் சொன்னதும் வார்டு கூட்டமே கொல்லென்று சிரித்தது. சாலைப் பள்ளத்துக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். பாவி மனிதர் பேச்சைத் தமிழில் ஆரம்பித்துத் தொலைத்ததால், தமிழில் அது எந்த இடம் என்பது ஜீவனஹள்ளிக்காரர்கள் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு யூனிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டென்சில் உட்கார்ந்துவிட்டார். சாலைப் பழுது மூன்றாவது வருடமாக "பரிசீலனையில்" போய்ச் சேர்ந்தது.

அவருக்கு அழுகைதான் வந்தது. மகள் மௌரீன் நிறைமாதம், சனிக்கிழமை பிரசவத்துக்கு வருகிறாள். அந்தப் பள்ளத்தைத் தாண்டி எந்த ஆட்டோவும் உள்ளே வருவதில்லை. மனைவி குளோரியா போன மாதம் அதில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

மறுநாள் நகர அலுவலகத்துக்கே போனார். கன்னடம் பேச வரும், படிக்க வராது. பலகைகளைப் பார்த்து விழித்தவர், கூட்டமே இல்லாத கடைசி ஜன்னலில் போய் நின்றார். அந்தச் சொல் மட்டும் இனி வாயில் வரக்கூடாது என்று தீர்மானம்.

"மேடம், ஒரு குழி விஷயம்..."

வீணா என்ற அந்த அம்மாள் சட்டென்று எழுந்து நாற்காலி போட்டாள். அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி! டென்சில் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"பேரு சார்?"

"டென்சில்."

"வயசு?"

"அம்பத்தெட்டு. அதெல்லாம் எதுக்கு?"

"ரூல்ஸ் சார்." குரல் கோயிலுக்குள் பேசுவது மாதிரி தணிந்திருந்தது. "நீளம், அகலம்?"

"ஆறடிக்கு மூணடி இருக்கும்."

"எடம்?"

"எங்க வீட்டு வாசலுக்கு நேரா."

பேனா நின்றது. "ரோட்லயா?"

"ரோட்லதான். என் சம்சாரமும் அதே எடத்துலதான் மேடம்..."

"புரியுது சார். அவங்களையும் சேர்த்தே எழுதிக்கறேன். ரோடுங்கறதால கவுன்சில்ல வைக்கணும்."

"சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சாகணும்."

"நான் பாத்துக்கறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் வீணா.

வியாழக்கிழமை அவளே போன் செய்தாள். "பாஸ் ஆயிடுச்சு சார். எல்லா மெம்பரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நின்னாங்க."

மூன்று வருடமாக அசையாத கவுன்சில் ஒரு பள்ளத்துக்காக எழுந்து நின்றதா? டென்சிலுக்குப் பெருமையாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

வெள்ளி மத்தியானம் நாலு பேர் வந்தார்கள். தாரும் இல்லை, ஜல்லியும் இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, இரண்டு நீளக் கயிறு. வந்ததும் பள்ளத்தை இன்னும் ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். தளர்ந்த மண்ணை எடுக்கிறார்கள் போல என்று டென்சில் டீ கொடுத்தார். டம்ளரை ஆளாளுக்கு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்பளவு ஆழம் போனதும் பயந்துபோய் வீணாவுக்கு போன் போட்டார்.

"வேலை சரியில்ல மேடம்!"

"அய்யோ, இப்பவே சரி பண்றேன் சார்."

இன்னும் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். சாயங்காலம் குழிக்குள் நின்ற ஆளின் தலை தெரியவில்லை. பக்கச் சுவர்களை நூல் பிடித்ததுபோல் வழித்திருந்தார்கள். தெருநாய்கள் அந்தப் பக்கமே வரவில்லை. யூனிஸ் ஜன்னலில் எட்டிப்பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள். கடைசியில் ஆறு பேரும் மேலே ஏறி, குழிக்குக் குறுக்கே கயிறுகளைப் போட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள்.

டென்சில் குழியருகே ஓடிவந்தார். "யோவ், தோண்டினது போதும்! மூடுங்கய்யா! நாளைக்கு என் பொண்ணு வர்றா!"

மேஸ்திரி ரங்கநாதன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கையிலிருந்த உத்தரவை ஒருமுறை பார்த்தார்.

"பொண்ணு வந்து மொகம் பாத்ததும் மூடிடறோம் சார். இந்த டென்சில், அவர் சம்சாரம், ரெண்டு பாடியும் எப்போ வரும்?"