பின்னேரப் படகில் திரும்பிய போர்த்துக்கல் பயணம்

நெடுந்தீவில் பிறந்தவன் சொர்க்கத்துக்குப் போனாலும், வாசலில் நிற்பவரிடம் முதலில் கேட்பது கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்றுதான். யாழ்ப்பாணத்தில் கலியாணவீடு என்றால், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போதே நாங்கள் பந்தியில் இடம் பிடிக்கப் பார்ப்போம். மரியாதை தெரியாத சனம் என்று சொந்தக்காரர் பேசுவார்கள். அவர்களுக்கென்ன, பேசலாம். பின்னேரப் படகைத் தவறவிட்டு, எங்கள் தீவுக்குப் படகு ஏறுகிற குறிகட்டுவான் துறையில் நின்று பார்த்தால்தான் எங்கள் பாடு தெரியும்.

ஊருக்கே உள்ள இந்தப் பயம் எனக்கு மட்டும் இரண்டு பங்கு. அப்போது நான் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர். அரிசி வந்து இறங்கும்போதே, இது முடிந்துபோனால் என்ன செய்வது என்று கவலைப்படத் தொடங்கிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாவைத் திட்டமிடச் சொன்னவள் என் மகள் சுகி. ஆகவே நடந்ததில் பாதிப் பிழை அவளுடையது என்று நான் இன்றைக்கும் வாதாடுகிறேன். (வீட்டில் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.)

சுகி கலியாணம் கட்டிப் பாரிசுக்குப் போனவள். அங்கேதான் எங்கள் பேத்தி பிறந்தாள். என் மனைவி பவானி அந்தப் பிள்ளையைப் போனில்தான் கொஞ்சியிருக்கிறாள். கதைத்து முடித்ததும் போனைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கிறேன் என்று குசினிக்குள் போய்விடுவாள். அங்கே போய் என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. கண் சிவந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் சுகி சொன்னாள். "அப்பா, நீங்கள் ரெண்டுபேரும் இஞ்ச வாங்கோ. பிள்ளையோட கொஞ்ச நாள் இருங்கோ. பிறகு எல்லாருமாப் போர்த்துக்கல் சுத்திப் பாப்பம். எந்தெந்த ஊர் எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே சரித்திரம் விருப்பம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. போர்த்துக்கேயர் எங்கள் தீவுக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து, குசினி, கதிரை, அலுமாரி என்று நாலு சொல்லையும் ஒரு கோட்டையையும் விட்டுவிட்டுப் போனவர்கள். வந்தவர் வீட்டுக்கு நாங்களும் ஒருமுறை போவதுதானே முறை. லிஸ்பன், போர்த்தோ, கொயிம்பிரா, ஏவோரா என்று நான்கு பழைய நகரங்களைத் தெரிந்தெடுத்தேன். அதோடு நின்றிருந்தால் நான் நல்ல மனிதன்.

ஒவ்வொரு நகரத்துக்கும் நேரம் போட்டுத் திட்டத்தைச் சுகிக்கு வாசித்தேன்.

"அப்பா, காலமை போர்த்தோவுக்குப் போய் மத்தியானமே லிஸ்பனுக்குத் திரும்பிறதெண்டால், அங்க என்னத்தைப் பாக்கிறது?"

"கடைசி றெயின் போயிட்டுதெண்டால்?"

"அங்க இரவிலயும் றெயின் ஓடும் அப்பா."

"ஓடும். இடம் இருக்குமோ?"

நான்கு நகரத்திலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒன்றுமே வைக்கவில்லை. பின்னேரம் என்பது எனக்குத் துறையில் நிற்கிற நேரம்.

இதற்குள் நான் இணையத்தில் காணொளி பார்க்கத் தொடங்கினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் கட்டிய நகரமாம். நெடுந்தீவு பாய் விரித்ததுபோலத் தட்டையான பூமி. நாங்கள் வாழ்நாளில் ஏறுகிற ஆகப் பெரிய ஏற்றம், படகுக்கு ஏறுகிற பலகைதான். போதாக்குறைக்கு அங்கே தெருவெல்லாம் வழுவழுப்பான கல், மழை பெய்தால் சறுக்கும், ட்ராம் வண்டியில் பிக்பொக்கற் அடிப்பான். இவ்வளவையும் நான் இரவுச் சாப்பாட்டின்போது பவானிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். அவளை ஆயத்தப்படுத்துகிறேனாம். புட்டைப் பிசைந்துகொண்டிருந்த அவளுடைய கை மெல்ல மெல்ல நின்றுபோவதை நான் கவனிக்கவில்லை.

விசாவும் வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் அவள் சொன்னாள். "நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்கு ஏலாது. நான் மலையில விழுந்து, பாஷை தெரியாத இடத்தில துலைஞ்சு, பிள்ளையளுக்கு ஏன் கரைச்சல்? நான் போனிலயே பாத்துக்கொள்ளுறன்."

பேத்தியைத் தூக்குவதற்காகவே உயிர் வாழ்கிற மனுசியை நான் காணொளி காட்டியே கெடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விமான ரிக்கற் போடவேண்டும், அதற்குள் முடிவு சொல்லுங்கோ என்று சுகி வேறு நெருக்கினாள். தாய் வரவில்லை என்றால் சுகியின் மனம் என்ன பாடுபடும் என்று நினைக்க எனக்கு நித்திரை வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒத்திகை.

சனிக்கிழமை சூட்கேசுகளோடு புறப்படுவது. படகு, பஸ், யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் கட்டி முடித்த கோட்டை அது. மதிலுக்கு ஏறுகிற சரிவில் சூட்கேசை இழுத்து ஏறி இறங்கிவிட்டால், லிஸ்பனில் ஏறியமாதிரித்தான். பின்னேரப் படகில் வீட்டுக்கு வந்துவிடலாம். பவானிக்குத் துணிவு வந்துவிடும். இதை நான் அவளுக்குச் சொன்னபோது அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "சரி, உங்கட ஆசையைக் கெடுப்பானேன்" என்றாள்.

விமானத்துக்குரிய பாரம் இல்லாவிட்டால் அது என்ன ஒத்திகை? உடுப்புகளை வைத்துத் தூக்கிப் பார்த்தேன், பாரம் காணாது. வீட்டில் கையளவில் பாரமாக இருந்தது அம்மிக்குழவி ஒன்றுதான். அதைப் பழைய சேலையில் சுற்றி என் சூட்கேசுக்குள் வைத்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணத்தை முன்கூட்டிச் சொல்லமாட்டோம். கண்ணூறு பட்டுவிடும். விசா எடுக்கக் கொழும்புக்குப் போனபோதும் கண் காட்டப் போகிறோம் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். (திரும்பி வந்த பிறகு ஒரு கிழமையாக ஊர்ச்சனம் என் கண்ணுக்குள் பார்த்துப் பார்த்துக் கதைத்தது.) ஆகவே சனிக்கிழமையும் பக்கத்து வீட்டுப் பூமணி அக்காவிடம், "மாட்டுக்குத் தண்ணி வையுங்கோ, பின்னேரம் வந்திடுவம்" என்று மட்டும் பவானி சொன்னாள். அக்கா வேலிக்கு மேலால் இரண்டு சூட்கேசையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உதறல் எடுத்திருக்கவேண்டும்.

நாங்கள் துறைக்கு வந்து ஓட்டோவால் இறங்கியபோது அங்கே பூமணி அக்கா தலைமையில் பாதி ஊர் நின்றது.

எங்கள் ஊரில் சூட்கேஸ் துறைக்குப் போவது சின்ன விஷயம் இல்லை. அப்படிப் போனவர்களின் எத்தனையோ வீட்டு வளவுகளில் இன்று கல்மதில் மட்டும் நிற்கிறது, உள்ளே பற்றைக் காடு. அதனால் வந்தவர்களின் முகத்தில் கோபமும் இருந்தது, கவலையும் இருந்தது. சொல்லாமல் போகிறார்களே என்ற கோபம். இன்னொரு வீடும் பூட்டுப்படுகிறதே என்ற கவலை. கையில் பார்சல்கள். கனடாவில் இருக்கிற மகனுக்குப் பனை ஒடியல்மா, லண்டன் மருமகளுக்கு மிளகாய்த்தூள், யாருக்கோ கட்டாப் பாரைக் கருவாடு. பாரிசுக்குப் போகிறவன் கனடாவுக்கு எப்படிக் கொடுப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை.

"இல்லை, நாங்கள் சும்மா யாழ்ப்பாணம்..." என்று தொடங்கினேன்.

"விளங்குது தம்பி. சொல்ல ஏலாது, கண்ணூறு. நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை" என்றார் செல்லையா அண்ணை. படகில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். சொல்லிக்கொண்டே, உடுப்புத்தானே என்று ஒற்றைக் கையால் என் சூட்கேசைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. ஒரு மூச்சுப் பிடித்து இழுத்தார். ஸிப் பிளந்து, பழைய சேலை அவிழ்ந்து, அம்மிக்குழவி துறைச் சீமெந்தில் உருண்டுபோய் எல்லார் நடுவிலும் நின்றது.

பூமணி அக்கா குழவியைப் பார்த்தார், பவானியைப் பார்த்தார். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

"அம்மிக்குழவியையும் கொண்டு போறியே பிள்ளை. இனி நீ இஞ்ச திரும்பி வரமாட்டாய்."

அவ்வளவுதான், துறை முழுக்க அழுகை. நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், ஒருவர் கருவாட்டைக் கையில் திணிக்கிறார். மறுபடி திறக்கிறேன், படகு ஊதுகிறது. செல்லையா அண்ணை குழவியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். பவானி எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள்.

படகு கொஞ்சத் தூரம் வந்த பிறகு நான் கேட்டேன். "நீர் ஏன் அழுதனீர்? நாங்கள் பின்னேரம் வாறம் அல்லோ?"

"எல்லாரும் அழேக்க நான் என்ன செய்யிறது? எனக்கும் கவலை வந்திட்டுது" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கோட்டையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதிலுக்கு ஏறும் சரிவில் பவானி தன் சூட்கேசை இழுத்துக்கொண்டு விறுவிறென்று ஏறிப் போய்விட்டாள். பாதி வழியில், பழைய சேலையால் இறுக்கிக் கட்டிய குழவிச் சூட்கேசைப் பிடித்துக்கொண்டு, நாக்கு வெளியே வராத குறையாக நின்றவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனபோது அவள் மதிலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறினது நீர், இளைச்சது நான்" என்றேன்.

அவள் அதைக் காதில் விழுத்தவில்லை. "அந்தச் சனத்திட்ட இப்ப என்னெண்டு போய் முழிக்கிறது?" என்றாள்.

எனக்கும் அந்த ஒரு கேள்விதான். "பேசாமல் யாழ்ப்பாணத்திலயே சிநேகிதன் ஒருத்தன்ர வீட்டில ஒளிச்சு நிப்பம். அப்பிடியே பிளேன் ஏறுவம்" என்றேன்.

"மாட்டை ஆர் பாக்கிறது? நடவுங்கோ."

குறிகட்டுவான் வரைக்கும் பஸ்ஸில் நான் பொய்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். படகு ஊரை நெருங்கியபோதும் ஒரு பொய்யும் சரிவரவில்லை. யாழ்ப்பாணத்துப் பேக்கரிப் பாண் வருகிற படகு என்பதால் துறையில் காலையில் நின்றவர்களில் அரைவாசிப் பேர் நின்றார்கள். முதலில் இறங்கியது குழவி, பிறகு நான்.

"என்ன தம்பி, திரும்பி வந்திட்டியள்?" என்று கேட்டார் செல்லையா அண்ணை.

"வெதர் சரியில்லை அண்ணை. பிளேனை நிப்பாட்டிப் போட்டாங்கள்."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு முகில் இல்லை. துறையில் நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனுக்குச் சோறும் இல்லை. வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

பவானி முன்னுக்கு வந்தாள். நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் நிற்கிற மனுசி. அன்றைக்குச் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு சொன்னாள்.

"பொய். நாங்கள் பிளேனைக் காணவும் இல்லை. சுகியிட்டப் போக விசா கிடைச்சிருக்கு. எனக்குப் போகப் பயம். என்ர பயத்தைப் போக்கிறன் எண்டு இவர் என்னைக் கோட்டையில ஏத்தி இறக்கிக் கூட்டிக்கொண்டு வாறார். குழவி பாரத்துக்கு வச்சது. உங்கட சாமான் ஒண்டும் பழுதாகேல்லை, வந்து எடுங்கோ."

முதலில் சிரித்தது பூமணி அக்கா. பிறகு துறையே சிரித்தது. காலையில் அழுததற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் தலை நிமிரவில்லை. உள்ளே வந்ததும் பவானி கதிரையில் இருந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். பிறகு சொன்னாள். "இண்டைக்குப் பட்ட வெக்கத்துக்கு மேல எனக்கு லிஸ்பனில என்ன வெக்கம் வரப்போகுது? சுகியைக் கூப்பிட்டு ரெண்டு ரிக்கற் போடச் சொல்லுங்கோ."

நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போனில் இலக்கம் பார்ப்பதற்குள் அவளே அழுத்தினாள்.

உண்மையாகப் புறப்பட்ட நாளில் துறையில் ஒருவரும் இல்லை. வாசல் படலையில் நின்று வழியனுப்பிய பூமணி அக்கா, பின்னேரம் வரும்போது மீன் வாங்கி வைக்கவா என்று கேட்டார். பார்சல் எதுவும் தரவில்லை. இந்த முறை உண்மையாகவே பாரிசுக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தோம். "ஓம், ஓம், கவனமாப் போயிட்டு வாங்கோ" என்று சிரித்தார்.

பாரிசில் பவானி பேத்தியைத் தூக்கியவள் இறக்கவே இல்லை. லிஸ்பனிலும் அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குன்றெல்லாம் ஏறினாள். உச்சியில் ஒரு பழைய கோட்டை. அந்த மதிலில், பின்னால் தண்ணீர் தெரிய, பவானியும் சுகியும் பேத்தியும் நிற்கிற படம் ஒன்றை எடுத்து நான் ஊருக்கு அனுப்பினேன். செல்லையா அண்ணையிடமிருந்து உடனே குரல் பதிவு வந்தது. "கோட்டையை நல்லாத் திருத்தியிருக்கிறாங்கள் தம்பி. வெளிக்கிடுங்கோ, பின்னேரப் படகுக்கு நேரமாகுது."

அத்தனை நாளும் யாழ்ப்பாணத்தில்தான் நின்றோம் என்கிற ஊருக்கு, நாங்கள் எங்கே போனோம் என்று நம்ப வைக்கிற முயற்சியை நான் எப்போதோ கைவிட்டுவிட்டேன். ஆனால் பூமணி அக்கா மட்டும் இன்றுவரை சுகியோடு கதைப்பதில்லை. சுகி போனில் கதைக்கக் கேட்டால், போனைப் பவானியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். யாழ்ப்பாணக் கோட்டை வரைக்கும் பிள்ளையோடு வந்தவளுக்கு, ஒரு படகு ஏறி எங்களை வந்து பார்க்க மனம் வரவில்லையே என்பது அவருடைய மனத்தாங்கல்.