மூன்று கதவு பீரோ இறங்கி வராத விவரம்

மூன்றாம் மாடி,
சனிக்கிழமை மாலை தொடங்கியது.

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

என் மனைவிக்கு அண்ணனும், இத்தனை வருடம் இங்கே வரும்போதெல்லாம் எனக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொன்னவருமான தங்களுக்கு, தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் முதன்முதலாகத் தன் கையால் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் தங்கையின் இடது முழங்கால் நலமில்லை. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் நலம் என்று கொள்ளவும். தாங்களும் தங்கள் மூக்குக் கண்ணாடியும் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் என் எழுத்து இன்னும் கோட்டின் மேல் நிற்கப் பழகவில்லை. உயிரெழுத்து முழுவதும் முடித்துவிட்டேன். 'ஔ' கூட வரும். அதற்கு மட்டும் இந்தக் கடிதத்தில் வேலை வைக்க முடியவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். நான் போனில் சொல்வது தங்கள் காதில் விழுவதற்குள் இந்தக் கட்டடம் முழுவதற்கும் விழுந்துவிடுகிறது. இது எல்லோருக்கும் விழ வேண்டிய சேதி இல்லை.

தங்கள் தபால் அட்டை போன வாரம் வந்தது. நானே படித்தேன். "குடுங்க, நான் படிச்சுடறேன்" என்று உங்கள் தங்கை கையை நீட்டினாள். நான் அட்டையோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார், முப்பதாம் தேதிக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், எங்கள் பின் அறை காலியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாவிட்டாலும் வருத்தமில்லை என்று முடித்திருந்தீர்கள். 'வருத்தமில்லை' என்ற சொல்லை மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். அட்டையைத் திருப்பித் தடவினால் விரலில் படுகிறது. பிறர் படித்துச் சொல்லும்போது இதெல்லாம் தெரிவதில்லை, மச்சான். நான் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பின் அறையைக் காலி செய்வதுதான் இனி என் ஒரே வேலை என்று அன்றே முடிவு செய்தேன். இன்று அறையைத் தர முடியாது என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை ஒரே வரியில் எழுத எனக்குத் தைரியம் இல்லாததால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த அறையில் நிற்கும் மூன்று கதவு மரபீரோவைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். அறையில் பாதி அதுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், நான் சாமான் தூக்கும் வேலையில் இருந்தபோது, வீடு மாறிப் போன ஒருவர் லாரியில் இடமில்லை என்று எங்களிடமே விட்டுப் போனது. நானும் என் கூட்டாளி கயிறும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து மூன்று மாடி ஏற்றினோம். (கயிறு என்பது பட்டப்பெயர். எந்நேரமும் இடுப்பில் கயிறு சுற்றியிருப்பான். அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவனே திரும்பிப் பார்ப்பான்.) பின் பலகை மட்டும் ஆணியில் நிற்கிறது. மற்றதெல்லாம் ஒரே கட்டு, பிரிக்க வராது. அது போனால் உங்கள் கட்டில் வரும். கணக்கு அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் கீழே வாசலில் நகராட்சி அறிவிப்பு ஒட்டினார்கள். பயன்படாத பெரிய பொருட்களைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் தெருவில் வைக்கவும், முழுப் பொருட்கள் மட்டும், உடைத்த மரம் ஏற்றப்படாது, அடுத்த வண்டி அடுத்த வருடம். நான் வாழ்க்கையில் முழுதாகப் படித்த முதல் அறிவிப்பு இது. நான் படிக்கத் தொடங்கும்போது நாலாம் மாடி பாட்டு வாத்தியார் கடைக்குப் போனார். பையை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன பெரியவரே, மயக்கமா? உக்காருங்க."

"இல்லைங்க, படிக்கிறேன்."

"இன்னுமா?"

"கடைசி வரி பாக்கி."

கடைசி வரியில்தான் அடுத்த வருடம் என்று இருந்தது. பாதியில் போயிருந்தால் தெரிந்திருக்காது. அவருக்கும் நான்தான் படித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் நின்று கேட்டார், நல்ல மனிதர்.

இனி நான் எழுதப் போவது என் தவறு. எங்கள் கட்டடத்தில் அழகுபடுத்தும் குழு ஒன்று இருக்கிறது. இரண்டாம் மாடி பல் டாக்டரம்மா தலைவி. எந்தப் பொருளும் வீணாகக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. பிடுங்கிய பல்லை மட்டும்தான் இதுவரை விட்டுவைத்திருக்கிறார்கள். பழைய லாரி டயர்களைக் கொண்டுவந்து, மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று வைத்து, மண் நிரப்பிச் செடி நடுவது என்று முடிவாயிற்று. டயர்களைத் தூக்கி வந்தது நான். யாரும் இடம் மாற்றிவிடக் கூடாது என்று தரையோடு சேர்த்துச் சிமெண்டு பூசியது நான். சிமெண்டு ஈரமாக இருக்கும்போது டாக்டரம்மா ஓர் ஆணியை என் கையில் கொடுத்து, "செடி பேரை நீங்களே எழுதிடுங்க, பெரியவரே, உங்க எழுத்து நல்லா உருண்டையா இருக்கு" என்றார்கள். மச்சான், அழியாத எழுத்து. மழை வந்தாலும் போகாது. அது என்ன செடி என்று எனக்குத் தெரியாததால் 'செடி' என்று எழுதினேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஐந்து திருப்பத்திலும் அப்படியே எழுதினேன். ஐந்தாவது மிக அழகாக வந்தது.

நாற்பது வருடம் எந்தப் படிக்கட்டில் கால் வைத்தாலும் என் கண் முதலில் திருப்பத்தைத்தான் அளக்கும். எந்தச் சாமான் நுழையும், எது நிமிரும், எது இடிக்கும் என்று கையை விரித்தாலே சொல்லிவிடுவேன். அந்தத் திருப்பங்களில் நாலு நாள் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தும் ஒருமுறைகூடக் கையை விரிக்கவில்லை. எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஏழு மணிக்குக் கயிறும் அவன் மருமகனும் வந்தார்கள். பீரோவைச் சாய்த்து, கயிறு போட்டு, அறையை விட்டு வெளியே எடுத்தோம். உங்கள் தங்கை அந்த இடத்தை உடனே பெருக்கித் துடைத்து, "அண்ணன் தலைமாட்டுல ஜன்னல் வரணும்" என்று காற்றில் கட்டில் போட்டுக் காட்டினாள். முதல் திருப்பத்தில் பட்டும் படாமலும் தாண்டினோம். இரண்டாம் மாடிக்கு வரும் திருப்பம் கொஞ்சம் குறுகல். அங்கே பீரோவை நிமிர்த்தி வைத்துத் திருப்பப் பார்த்தோம். ஒரு தோள் சுவரில் முட்டியது, இன்னொரு தோள் டயரில் முட்டியது. நின்றுவிட்டது.

"என்னண்ணே இது, திருப்பத்துல டயரு?" என்றான் கயிறு.

"அழகுக்கு."

"எந்த அறிவாளி வெச்சது?"

நான் இருமினேன். அவன் குனிந்து சிமெண்டைப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டான்.

"சரிதான். உங்களுக்குப் படிப்பு ஏறிடுச்சு, அண்ணே. இனி பீரோ இறங்காது."

இதற்குள் மேல் மாடிக்காரர்கள் மெத்தை, சோபா, உடைந்த ஊஞ்சல் எல்லாவற்றோடும் வந்து பீரோவுக்கு மேலே நின்றுவிட்டார்கள். வேலைக்கும் கடைக்கும் போய்த் திரும்பியவர்கள் பீரோவுக்குக் கீழே நின்றுவிட்டார்கள். அவரவர் வீட்டுக்குப் போக வழியில்லை. கயிறு பின் பலகையின் ஆணிகளைப் பிடுங்கி, பலகையைக் கழற்றிவிட்டான். இரண்டு பக்கத்துக் கதவுகளுக்குள் தட்டுகள் உண்டு. நடுவில் சட்டை மாட்டும் இடம், வெறுமையாக இருக்கும். நடுக் கதவைத் திறந்து, அடிக்கட்டையைத் தாண்டி, பின்பக்கமாக வெளியேறலாம். ஆட்கள் போனார்கள். மெத்தையும் சோபாவும் போக முடியவில்லை. நாலாம் மாடி வக்கீல் பக்கவாட்டில் நுழைந்து நடுவில் நின்றுகொண்டு, "இது பொதுவழி ஆக்கிரமிப்பு" என்றார். "முதல்ல நீங்க ஆக்கிரமிக்காம வெளியே வாங்க சார்" என்று யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள்.

"ரம்பம் போட்டுடலாமா?" என்றான் மருமகன். உடைத்த மரம் ஏற்றப்படாது என்று நான் அறிவிப்பை மனப்பாடமாகச் சொன்னேன். அந்த நேரத்தில் அது தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியானால் டயரை உடைக்க வேண்டும் என்றான் கயிறு. டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். "திங்கட்கிழமை நகராட்சியிலேருந்து இந்தச் செடிங்களைப் பாக்க வராங்க. உடைக்கவா? என்னை மீறி உடைங்க பாக்கலாம்!" என்றார்கள். மேலேயிருந்து உங்கள் தங்கை, "உடைங்க! அவர் எழுதினதுதானே, வேற ஒண்ணு எழுதிக்குவாரு. எங்க அண்ணன் வரணும்!" என்று கத்தினாள். டாக்டரம்மாவுக்குத் தாங்கள் வரும் சேதி தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கோபம் இறங்கிவிட்டது. என்னைப் பார்த்து, "நீங்க வெச்சது, பெரியவரே. நீங்களே சொல்லுங்க. உடைச்சுக்கலாம்" என்றார்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டயரைப் பார்த்தேன். அழகாக வந்தது என்று எழுதினேனே, அந்த ஐந்தாவது அதுதான். கீழே லாரிக்காரர் ஆரன் அடித்தார். நான் 'செடி' என்பதைப் படித்தேன். இரண்டு எழுத்துதான், மச்சான், எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மறுபடியும் படித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. ஆனால் சீக்கிரமாகவும் வாயைத் திறக்கவில்லை. இதைத் தங்களிடம் மறைத்து எழுதலாம் என்று நினைத்தேன். என் முதல் கடிதத்தில் பொய் இருக்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

புதன்கிழமை கயிறு இன்னும் நாலு பேரோடு வருவான். இறங்கிய வழியே பீரோவை மேலே இழுத்துத் திரும்பவும் பின் அறையிலேயே வைத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். ஆகவே அறை இல்லை. கூடத்தில் தங்கலாம் என்று எழுத நினைத்தேன். கூடத்தில் நானே தையல் மெஷினுக்குக் கீழே காலை நீட்டித்தான் படுக்கிறேன். அடுத்த வருடம் வண்டி வரும் வரை தாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதற்கு எனக்கு வாய் வராது. கை வந்துவிட்டது, கேட்டுவிட்டது. மன்னிக்கவும். வருத்தமில்லை என்று தாங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. ஆனாலும் நம்பியதுபோல முடிக்க வேண்டியிருக்கிறது.

தங்களுக்குப் படிக்கட்டு குறைந்த வீடும், தொந்தரவில்லாத தூக்கமும், நல்ல பசியும் வாய்க்க நாங்கள் இருவரும் விரும்புகிறோம். தங்கள் தங்கை தன் அன்பைத் தனியாகத் தெரிவிப்பாள். அவளுக்கு இந்தக் கடிதத்தில் இருப்பது இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
தலை குனிந்து,
தங்கள் தங்கையின் வீட்டுக்காரன்.

பின்குறிப்பு, வியாழக்கிழமை காலை:

மேலே உள்ளதை எழுதி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. பிழை பார்க்கச் சொல்லி உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். பிழை ஒன்றும் சொல்லவில்லை.

"பீரோ இப்ப எங்க இருக்கு?" என்றாள்.

"மாடிப்படியில."

"ரூம்ல என்ன இருக்கு?"

எழுந்து போய்ப் பார்த்தேன். துடைத்த தரையும் ஜன்னலும் இருந்தன.

"அப்புறம் எதுக்குங்க எங்க அண்ணனை வர வேணாம்னு அஞ்சு நாளா உக்காந்து எழுதினீங்க?"

"புதன்கிழமை பீரோ திரும்ப வந்துடும்னு..."

"நேத்துதான் புதன். வந்துச்சா?"

வரவில்லை. சனிக்கிழமையே பீரோவுக்குள் நுழைந்து போனவர்கள் பக்கத்துத் தட்டுகளில் ஆளுக்கொன்று வைக்கத் தொடங்கிவிட்டார்கள்: ஒரு குடை, சிறுத்துப் போன குழந்தைச் செருப்பு, மூடி இல்லாத பிளாஸ்க், வக்கீலின் பழைய கோட்டு. வேண்டியவர்கள் எடுத்துப் போனார்கள், பிளாஸ்க்குக்கு மூடிகூட ஒருவரிடம் கிடைத்தது. திங்கட்கிழமை பார்க்க வந்தவர்களும் ஒரு குடையோடுதான் போனார்கள். வேண்டாததை வைக்கவும், வேண்டியதை எடுக்கவும் என்று பீரோ மேல் எழுதித் தரச் சொல்லி டாக்டரம்மா கேட்டார்கள். இந்தக் கடிதத்தை நடுவில் நிறுத்திவிட்டு அதையும் நான்தான் எழுதினேன். நேற்றுக் கயிறு ஆட்களோடு வந்தபோது கட்டடமே திரண்டு பீரோவைத் தொட விடவில்லை. அவன் வக்கீலின் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான். இவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான், மேலே உட்கார்ந்து, அறை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு இரண்டு வரி எழுதுங்கள் என்கிறாள் உங்கள் தங்கை. எனக்கு மனம் வரவில்லை, மச்சான். ஆகவே மேலே உள்ளதைப் படித்து, எழுத்து எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லவும். விஷயத்துக்கு இதை எடுத்துக்கொள்ளவும்: அறை காலி. முப்பதாம் தேதி வரை காத்திருக்க வேண்டாம், கிடைத்த வண்டியில் ஏறவும். நாலாம் மாடியில் இறக்க வழியில்லாமல் நின்றுபோன இரும்புக் கட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஜன்னல் தலைமாட்டில் வரும்படி போட்டுவிட்டேன். படுத்தும் பார்த்தேன். தங்கள் உயரத்துக்குக் கால் ஒரு சாண் வெளியே நீளும். அந்த இடத்தில் ஒரு ஸ்டூல் வைத்து, மேலே தலையணை போட்டிருக்கிறேன்.