நூற்று இருபத்தெட்டு என்று சொன்ன மிஷின்

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை தாவீதுக்கு,

திருவாலங்காட்டில் நீயும் தங்கச்சி மேரியும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மகள் மெர்சியும் ஜீவனோடு இருக்கிறோம். இனி நான் எழுதப்போவது ஒருத்தரும் நம்பமுடியாத கதை என்று முதலிலேயே சத்தியம் செய்கிறேன். அடுத்த மாசம் பர்மனென்ட் ஆக வேண்டிய பொண்ணை வேலையை விட்டுத் தூக்கப்போறாங்கன்னு யாரோ உன் காதுல போட்டாங்களாமே. முழுசாக் கேளு.

செவ்வாய்க்கிழமை எங்கள் கம்பெனியில் மெர்சி சோதனைக்கு வைத்த சர்க்யூட் போர்டு புகைந்தது. சாதாரணப் புகையா அது? ஆந்திரா பார்டர் தாண்டிப் போயி, அங்க மாடுங்கல்லாம் தும்முச்சு. மெர்சி மேனேஜர் சுப்பராயனைக் கூப்பிட ஓடினாள். நான் சும்மா இருக்கமாட்டாமல், போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற சப்ளை மிஷினைக் கம்ப்யூட்டர் வழியாக, "உனக்கு இன்னாடா ஆச்சு?" என்று விசாரித்தேன். மாப்ளே, அதுக்குள்ள ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர்னு ஒண்ணு கீது பாரு, அதிசயம்! தப்பான கட்டளை வந்ததா, நடுவில் கரண்ட் போய் வந்ததா, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, கொடிக்கு ஒரு நம்பர். ஒரு நொடி நடந்து எல்லாம் சரியாகிவிட்டாலும், தூக்கின கொடியை இறக்காமல் நிற்கும். எந்த ராஜாவுக்கும் இப்படி ஒரு காவல்காரன் வாய்ச்சிருக்க மாட்டான். எனக்கு 128 என்று பதில் வந்தது. கரண்ட் போய் வந்திருக்கிறது! மெர்சி கட்டளையைத் தப்பா அடிச்சிருந்தா 32 வந்திருக்கும்.

ஆனால் அதுக்கு ஒரு குணம். ஒரே தடவைதான் சொல்லும். சொன்ன கையோடு கொடியை இறக்கிவிடும். சுப்பராயன் வந்து கேட்டார், 0.

"கரண்டும் போவல, ஒண்ணும் போவல. இந்தப் பொண்ணுதான் போர்டுக்குப் போற கரண்ட் லிமிட்ட ஏத்தி வச்சுக்கீது."

"சார், 128 சொல்லிச்சு, என் கண்ணால பாத்தேன்!"

"சாம்சன், பொன்னேரி ஸ்டேஷன்ல யானை சீசன் டிக்கெட் எடுத்துச்சுன்னு சொன்ன ஆளுதானே நீ?"

லைனே சிரித்தது. எனக்கு ஒரே பேஜாரு. மெர்சி என்னை முறைச்சுக்கினே, "மாமா, கைய வச்சுக்கினு சும்மா இருக்கமாட்டியா?" என்றாள். அப்புறம் நிதானமாக, "சார், சப்ளை மிஷின் சொருகிக்கிற அதே பிளக் போர்டுலதான் இந்த மீட்டரும் ஓடுது. இதுக்குள்ளயும் அதே கொடிங்க கீது, இத்த இன்னும் யாரும் கேக்கல. காலைல எல்லா மிஷினையும் ஒருவாட்டி கேட்டு, 0 ஆக்கிட்டுதான் வேலைய ஆரம்பிப்பேன். கம்ப்யூட்டர்ல பதிவு கீது, பாருங்க" என்றாள். கேட்டாள். 128! கரண்ட் போய் வந்ததில் அவள் காலையில் வைத்த லிமிட் அழிந்து, சப்ளை மிஷின் தன் முழு அளவில் போய் நின்று போர்டைப் புகைய வைத்திருக்கிறது. ஆயிரம் வக்கீலு வந்தாலும் இந்தக் கேள்வி தோணியிருக்குமா? சுப்பராயன் நாற்காலியோடு மயங்கி விழுந்தார். முதலாளி ஹெலிகாப்டரில் வந்திறங்கி மாலை போட்டு, பர்மனென்ட் ஆர்டரைத் தங்கத்தட்டில் நீட்டினார்.

உன் வீட்டு மனுஷர், மிக்ஸி, ஃபேன் அனைத்தையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
மச்சான் சாம்சன்

பி.கு.: மாடு தும்மவில்லை, மேனேஜர் விழவில்லை, ஹெலிகாப்டர் வரவில்லை, ஆர்டர் மாசக் கடைசியில் தபாலில்தான் வரும். அந்த 128 மட்டும் நெசம். ஏனென்றால், டீ கெட்டில் சொருக அந்த பிளக் போர்டைப் பிடுங்கி, மறுபடி சொருகியவன் நான்தான். இன்று காலை சுப்பராயனிடம் ஒப்புக்கொண்டேன். "போய்யா, இதையும் நம்பணுமா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.