பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் எடுத்த டோபமின் பாடம்

ஆராய்ச்சி மாணவியிடம் ஒரு பேச்சுக்குக்கூட 'என்ன ஆராய்ச்சி?' என்று கேட்கக் கூடாது. நாங்கள் நிஜமாகவே பதில் சொல்லத் தொடங்கிவிடுவோம்.

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு, கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவர் அம்மாதான் கேட்டார். நான் (விதி, வேறென்ன) பௌர்ணமிக் கிரிவலத்தில் ஆரம்பித்தேன். வருகிற கூட்டத்தை முனைக்கு முனை போலீஸ்காரர் திருப்பிவிடுகிறார் அல்லவா, கருவில் வளரும் மூளையில் மரபணுக்களுக்கும் அதே வேலைதான். எதுவாகவும் ஆகக்கூடிய செல்லை ஒரு மரபணு நடுமூளைப் பக்கம் திருப்பும். அடுத்தது, கைகால் அசைவைச் சீராக வைக்கும் டோபமினைச் சுரக்க வைக்கும். இன்னொன்று அதை ஆயுசுக்கும் அப்படியே காப்பாற்றும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தச் செல்கள் செத்துப்போனால் கை நடுங்கும் என்றும் சொல்லிவைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா அவர்களுக்குக் காபி நீட்டினார். டபராவுக்குள் டம்ளர் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"இது பரம்பரையா வருமாம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பெரும்பாலும் வராதுங்க."

(அந்தப் 'பெரும்பாலும்' இல்லாமல் எனக்குப் பேச வராது. ஆய்வுக்கூடத்தில் பிடித்த வியாதி.)

காபியைத் தொடாமல் எழுந்தார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

"வாய வெச்சிகினு சும்மா இருந்தியாடி நீ?" என்று அம்மா பொரிந்தாள். எனக்குச் சம்பந்தம் போன கவலையே இல்லை. தினமும் எலி மூளையை உற்றுப் பார்க்கிற நான், பெற்ற அப்பாவின் கையைப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாளே அப்பாவை டாக்டரிடம் இழுத்துப் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மூளையில் ஒரு கோளாறும் இல்லை, தைராய்டுதான் ஜாஸ்தி, மாத்திரையில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். (அப்பா இளைத்ததை நாங்கள் கல்யாணக் கவலை என்றல்லவா நினைத்திருந்தோம்.) ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியில் அழுதேன். நோயாளி போய் எனக்கு டீ வாங்கி வந்தார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார்.

"அப்பாவ டாக்டர்கிட்ட காட்டிட்டீங்களா? அத கேக்கத்தான் போன் பண்ணேன்."

அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

போன மாதம் என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் கார் நின்றதுமே மாமியார் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"அவங்க கிளம்புற வரைக்கும் வெளிய வராதம்மா. யாருக்கு என்ன வியாதி கீதோ, நமக்கெதுக்கு?"