சோபாவில் செத்துப்போகிறவர்

உறவினர்களில் பாசப் பரிசோதகர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வந்ததும் செருப்பைக் கழற்றி, மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, "எங்கே குட்டி?" என்பார். குட்டிக்கு நாலு வயதென்றால் உற்சாகம். இளகிய மனசென்றால் கொண்டாட்டம். "உங்கம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்பார். "உன்னைக் குப்பைத்தொட்டியிலேர்ந்துதான் எடுத்தோம்" என்பார். உதடு பிதுங்கி, முகவாய் நடுங்கி, கண் நிறைந்து வழிகிறவரை விடமாட்டார். வழிந்ததும் "தொட்டாச்சிணுங்கி!" என்று தீர்ப்பு. தொட்டது யார்? அதையெல்லாம் அவரிடம் கேட்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியப்பா இந்த இனத்தின் மணிமகுடம். ஆயுள் காப்பீட்டு முகவர். வாரம் முழுக்க மற்றவர்கள் சாவைப் பற்றிப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டு சோபாவில் தானே செத்துப்போவார். நெஞ்சைப் பிடித்து, "ஐயோ" என்று சரிந்து, நாக்கை ஓரமாகத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மட்டும் இம்மியளவு திறந்து வைத்திருப்பார். தம்பி மகள் மேலே விழுந்து கதறுவாள். "பாத்தியா, என்மேல எவ்வளவு பாசம்!" என்று உயிர்த்தெழுவார். எல்லோரும் சிரிப்பார்கள்.

பிறகு நடப்பதை அவர் பார்த்ததில்லை. அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்தால் போதும், அவள் ஓடிவந்து இமையைப் பிரித்து, "அப்பா, இருக்கீங்களா?" என்பாள்.

"அண்ணே, அவ ரொம்பப் பயப்படுறா. வேண்டாமே."

"போடா. இப்பவே பழகட்டும். நாளைக்கு உலகத்துல எப்படிப் பொழைப்பா?"

வாராவாரம் பெரியப்பா சாகிற உலகம் எது என்று அவர் சொல்லவில்லை.

அண்ணன் போனதும் தம்பி தன் மகளை மடியில் உட்காரவைத்து, தன் வயிற்றில் அவள் கையை வைத்தார். "மேல வருது, கீழ போகுது பாரு. இது ஆடினா ஆள் இருக்கார்னு அர்த்தம்."

அடுத்த ஞாயிறு பெரியப்பா வழக்கம்போல் காலமானார். அவள் உதடு பிதுங்கியது. ஆனாலும் கிட்டே போய், அந்த விசாலமான வயிற்றில் கையை வைத்தாள். ஏறியது. இறங்கியது.

"இருக்காரு" என்று அறிவித்துவிட்டு, மரக்கட்டைகளை அடுக்கப் போய்விட்டாள்.

பெரியப்பா இன்னும் கொஞ்ச நேரம் செத்தே கிடந்து பார்த்தார். யாரும் வரவில்லை. எழுந்தார். காபி வேண்டாம் என்றார்.

"ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலையே! நான் நிஜமா போனாலும் இப்படித்தான், இல்ல?"

"அண்ணே, விளையாட்டுதானே..."

"எதுடா விளையாட்டு?" முகவாய் லேசாக நடுங்கியது.

அதைப் பார்த்தது அவள்தான். அடுக்கியதை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அழுங்க பெரியப்பா. யாரும் சிரிக்க மாட்டாங்க."

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை, தெரியும். எந்த சோபாவிலும் செத்ததில்லை. "அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?" என்று மட்டும்தான் கேட்டிருப்பீர்கள். பதில் சாதகமாக இல்லையென்றதும் முகத்தை மூடிக்கொண்டு அழுவதுபோல் பாவனை செய்து, விரலிடுக்கு வழியாகக் குழந்தையைக் கவனித்திருப்பீர்கள். அவ்வளவுதானே?

அதே இடுக்கு வழியாகத்தான் அதுவும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.