மிதித்துக் கேட்ட ஐந்தாவது பாட்டு

பாடத் தெரியாதவனுக்குத்தான் பாட்டைப் பற்றிய அபிப்பிராயம் அதிகம். எனக்குப் பாடவும் வராது, எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பும் ஏறவில்லை. ஆகவே என்னிடம் அபிப்பிராயம் மூட்டைக் கணக்கில் இருந்தது.

அதை நான் சேர்த்த இடம் வவுனியாவில் ஒரு றெக்கோடிங் பார். ஆட்கள் பிடித்த பாட்டுகளைத் துண்டில் எழுதித் தருவார்கள். பத்துப் படத்திலிருந்து பத்துப் பாட்டை எடுத்து ஒரு கசெற்றில் பதிந்து கொடுப்போம். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு படத்தின் பாட்டுகளை முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகக் கேட்பவனே ரசிகன். ஒன்றை மட்டும் பிய்த்தெடுப்பவன் கலியாண வீட்டில் வடையை மட்டும் பொறுக்குகிறவன் என்று வந்தவர்களுக்கு விளக்கினேன். அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். முதலாளி என்னையும் போகச் சொன்னார்.

பிறகு நாயாற்றில் வலை இழுத்தேன். பூநகரியில் நெல்லுச் சூடு அடித்தேன். கிளிநொச்சியில் செங்கல் அரிந்தேன். பாதி இடப்பெயர்வு, பாதி என் காலின் அரிப்பு. கடைசியில் விசுவமடுப் பக்கம் யோகன் என்பவனோடு மரம் அரியும் வேலையில் நின்றபோது, என்னிடம் ஒரு சைக்கிளும் சின்ன ரேப் றெக்கோடரும் ஒரு படத்தின் கசெற்றும் இருந்தன. அதற்கு மேல் இருந்தது அபிப்பிராயம்தான்.

யோகன் கலியாணம் முடித்தவன். என்னையும் முடித்துவிடப் பார்த்தான். குளத்துக்கு அந்தப் பக்கம் வயல் செய்யும் குடும்பம், பெண்ணின் பெயர் சுகந்தி. தகப்பன் வாய் திறக்கமாட்டார், தாய் சொன்னால் முடிவு. சுகந்தியை நான் ஏற்கெனவே கூட்டுறவுக் கடை வரிசையில் கண்டிருந்தேன். (அவளுக்குப் பின்னால் நிற்பதற்காக என் இடத்தை இரண்டு பேருக்கு விட்டுக்கொடுத்தவன் நான்.)

“தாய்க்கு உன்னில ஒரு குறைதான் மச்சான்,” என்றான் யோகன்.

“படிப்போ?”

“அது பிறகு. நீ ஓரிடத்தில இருக்கமாட்டாய் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம்.”

பெண் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் ஊர் கதைக்கும். எனவே பாட்டுப் போட்டுக் காட்டப் போவதாக ஏற்பாடு. அப்போது அது எவரும் நம்பும் சாட்டு. மின்சாரம் கிடையாது. பற்றறி, சண்டைக் காலத் தடையில் ராணுவம் வன்னிக்குள் வரவிடாத சாமான். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து ரேப்புக்கு வயர் கொளுவி, ஒருவர் ஏறியிருந்து மிதித்தால் பாட்டு வரும். மிதி நின்றால் பாட்டு நிற்கும். மிதி தளர்ந்தால் பாடகியின் குரல் தடித்து, அவளுடைய தமையன் பாடுவதுபோல் இருக்கும்.

யோகன் தன் கலியாண வேட்டியை எனக்குக் கட்டிவிட்டான். “கவனம். இது கிழிஞ்சால் மனிசி என்னைக் கிழிப்பாள்.”

நாங்கள் போனபோது முற்றம் நிறைய அயலட்டை ஆட்கள். சுகந்தி அடுப்புப் புகையும் குசினி வாசலில் நின்றாள். தாய் கதிரையில் இருந்துகொண்டு விசாரித்தார்.

“தம்பி, எல்லாரும் சொல்லுற அந்தப் பாட்டு இருக்கோ? இவள் இடியப்பம் புழியேக்க முணுமுணுக்கிறது.”

“ஓம் அம்மா. அஞ்சாவது.”

“அப்ப அதைப் போடுங்கோ.”

போட்டிருக்கலாம். கசெற்றின் பல்லில் பேனையை விட்டுச் சுற்றினால் ஐந்தாவது பாட்டு வந்துவிடும். வன்னி முழுவதும் அப்படித்தான் கேட்டது. வேண்டாத பாட்டுக்கு மிதிக்க யாருக்குக் கால் இருக்கிறது? (எனக்கு இருந்தது. மூளை இருக்க வேண்டிய இடத்திலும் எனக்குக் கால்தான்.)

“ஒண்டை மட்டும் பிச்சுக் கேக்கக்கூடாது அம்மா. நாலையும் கேட்டுப்போட்டு வந்தால்தான் அஞ்சாவதின்ர அருமை தெரியும். இசையமைச்சவர் அப்பிடித்தான் அடுக்கியிருக்கிறார்.”

“நாலும் நல்லதோ?”

“ரண்டு நல்லது. மூண்டாவது பரவாயில்லை. நாலாவது கொஞ்சம் மோசம்.”

“மோசமானதை ஏன் தம்பி மிதிக்கிறியள்?”

முற்றம் சிரித்தது. பாட்டின் தரத்தைப் பற்றி அதைவிட நல்ல கேள்வியை இன்றுவரை நான் கேட்டதில்லை. அன்றைக்கு விடுவேனா?

“பாகற்காய் திண்டால்தானே அம்மா பாயாசம் இனிக்கும்.”

“பாயாசம் சும்மாவும் இனிக்கும்,” என்றது குசினி வாசல். சுகந்தி என்னோடு கதைத்த முதல் வசனம் அதுதான்.

ஏறி மிதித்தேன். மாப்பிள்ளை முழங்காலைக் காட்டலாமோ என்று வேட்டியை மடித்துக் கட்டவில்லை. முதல் பாட்டில் எனக்கிருந்த உற்சாகத்துக்குப் பாடகர் அணில்போலக் கீச்சிட்டார். இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதில் என் சேட்டு முதுகோடு ஒட்டியது. பக்கம் மாற்றி நாலாவதைத் தொடங்கியபோது பாதிச் சனம் எழும்பி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டது. பாடகி முதலில் தமையனானாள், பிறகு எருமையானாள்.

“மச்சான், வேட்டி,” என்றான் யோகன்.

“பாட்டு ஓடேக்க கதைக்காதை,” என்றேன்.

அடுத்த மிதிக்கு வேட்டியின் கரை செயினுக்குள் போனது. அதற்கடுத்த மிதிக்கு முழத்துக்குக் குறையாமல் போனது. எருமை நீளமாக ஒருமுறை கத்திவிட்டு உயிரை விட்டது. இறங்கப் பார்த்தேன், வேட்டி இறங்கவிடவில்லை. சைக்கிள் சரிந்தது. சுகந்தி ஓடிவந்து பாய்ந்து பிடித்தாள். என்னையல்ல, ரேப்பை.

நானும் சைக்கிளும் சாணித் தண்ணி தெளித்த முற்றத்தில் கட்டிப்பிடித்தபடி கிடந்தோம். யோகன் கத்தி வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு தன் கலியாண வேட்டியை அறுத்தான். தகப்பன் உள்ளே போய்த் தன்னுடைய சாரம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“உடுங்கோ,” என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

சுகந்தி செயினிலிருந்து துணியை உருவினாள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். பேனையால் கசெற்றைச் சுற்றிச் சரியான இடத்தில் விட்டு, மிதியைக் கையால் சுழற்றினாள். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐந்தாவது பாட்டு வந்தது. மாட்டுக்குப் போனவர்களும் வேலியோரம் வந்து நின்றார்கள். அந்தப் பாட்டை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். மூச்சு வாங்காமல் கேட்டது அதுதான் முதல் தடவை. நாலு பாட்டின் துணையும் இல்லாமல் அது தனியே நின்றது, அழகாகவும் நின்றது.

பாட்டு முடியக் கையை எடுத்தாள்.

“இன்னும் ஒண்டு இருக்கு,” என்றேன். (இடுப்பில் அடுத்தவருடைய சாரம். அப்போதும் வாய் அடங்கவில்லை.)

“அதை நீங்கள் வீட்டை போய் மிதியுங்கோ.”

வழி முழுக்க யோகன் வேட்டித் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபடி வந்தான். நாயாற்றுக்கே திரும்பிப் போய் மீன் காயப்போடுவது என்று தீர்மானித்துச் சாமான் கட்டினேன். மறுநாள் காலை, நான் வெளிக்கிட முன்னம் யோகன் வந்தான்.

“தாய்க்குச் சம்மதமாம்.”

“ஏன்?” என்று நானே கேட்டேன்.

தாய் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்: “படிப்பில்லை, வாயும் நீளம். ஆனா அவ்வளவு நேரம் மிதிச்சும் எங்கட முத்தத்தை விட்டுப் போகேல்லையே. இருப்பான்.”

இருந்தேன். பிறகும் பல இடம் மாறினோம். ஆனால் சேர்ந்தே மாறினோம். யோகனுக்கு வேட்டி வாங்கிக் கொடுக்கும் முன் மகள் பிறந்துவிட்டாள். நான் ஒரு கதையை நீட்டினால் சுகந்தி இன்றைக்கும் “அஞ்சாவது பாட்டுக்கு வாங்கோ” என்பாள்.

மகள் கைப்பேசியில் பாட்டுக் கேட்பாள். ஒரு பாட்டில் நாலு வரி, அடுத்ததில் இரண்டு வரி, தட்டித் தட்டி ஓடுவாள். போன கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளை, ஒரு படத்தின்ர பாட்டெண்டால் முதல்ல இருந்து...”

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“அப்பா, வேட்டி கவனம்.”

நான் காற்சட்டைதான் போட்டிருந்தேன். ஆனாலும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.