வட்டத்துக்குள் ஒரு நல்லாட்சி

மனிதகுலம் இதுவரை கண்ட ஆட்சிகளிலேயே சிறந்தது எது என்று யாராவது என்னைக் கேட்டால், என் மாப்பிள்ளை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நடத்திய ஆட்சிதான் என்று எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அது ஓர் ஆன்லைன் விளையாட்டு. உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரே காட்டில் ஒரே பூதத்தை வெட்டுவார்கள். வெட்டிச் சலித்தவர்கள் ஊர் கட்டிக்கொள்ளலாம். நகர மண்டபத்தைக் கட்டுபவர் மேயர். மண்டபத்தைச் சுற்றி ஒரு வட்டம் விழும். வட்டத்துக்குள் வீடு இருந்தால் நீங்கள் குடிமகன். குடிமக்கள் கூடினால் வட்டம் தானாக விரியும், குறைந்தால் தானாகச் சுருங்கும். பத்துப் பேராவது இருந்தால் உலக வரைபடத்தில் ஊரின் பெயர் தெரியும். மற்றபடி என்ன வரி, எவ்வளவு வரி என்பதெல்லாம் மேயரின் மனசாட்சிக்கு விடப்பட்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு அந்த வரைபடப் பெயர்தான் உயிர். அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவர் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது: நாற்காலியின் முதுகில். அதுவும் யாரும் தூக்கிப் போகாமலிருக்க அவரே எழுதியது. ஊர்ப் பெயர் வரைபடத்தில் வந்த அன்று அதைப் படம் பிடித்துக்கொண்டு போய் மேலதிகாரியிடம் காட்டினார். "இதுல நம்ம ஆபீஸ் எங்க இருக்கு?" என்று அவர் கேட்டதைக்கூடப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

என் மகள் அந்த ஊரில் வாள் அடிப்பவள். அவள் வாளுக்காக வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அவள் பட்டறையை நம்பித்தான் செருப்புத் தைக்கும் லாரி டிரைவர், மருந்து காய்ச்சும் நர்ஸம்மா, வில் வளைக்கும் கணக்கு வாத்தியார், மேஜை நாற்காலி செய்யும் மாடி வீட்டு சலூன்காரர் எல்லாரும் வந்து குடியேறினார்கள். ஊர் செழித்தது. கண்ணெதிரே இப்படிச் செழித்தால் ஓர் அரசாங்கம் எவ்வளவு நாள்தான் பொறுத்துக்கொண்டிருக்கும்?

என்னை நிதி ஆலோசகராக நியமித்தார்கள். வீட்டில் சும்மா இருந்தது நான் ஒருவன்தான் என்பதால் போட்டி எழவில்லை.

முதல் ஆலோசனைக் கூட்டம் மகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வேளையில் கூடியது.

"மாமா, கஜானா காலியா கிடக்கு. என்ன பண்ணலாம்?"

"விக்கும்போது வரி போட்டா விக்கவே இல்லன்னு சொல்லிடுவாங்க மாப்ளே. அடிக்கும்போதே போட்டுடுங்க. ஒரு அடிக்கு ஒரு காசு."

"அப்பா! ஒரு வாளுக்கு நான் எத்தனை அடி அடிக்கணும் தெரியுமா?"

"தெரிஞ்சுதானேம்மா சொல்றேன்."

"பாதி வாள் அடிக்கும்போதே உடைஞ்சு போயிடும். அதுக்கும் வரியா?"

மேயர் கண்ணை மூடி யோசித்தார். இளகிய மனசுக்காரர். "உடைஞ்ச வாளுக்கு விற்பனை வரி கிடையாது" என்று அங்கேயே சலுகை அறிவித்தார்.

"உடைஞ்சதை யாருங்க வாங்குவா?"

"அதான் வரி இல்லன்னுட்டேனே, இன்னும் என்ன?"

இவ்வாறாக 'அடி வரி' அமலுக்கு வந்தது. கொல்லருக்குச் சுத்தியல் அடி, செருப்புக்காரருக்கு ஊசிக் குத்து, நர்ஸம்மாவுக்குக் கரண்டிக் கிளறல் என்று எல்லாத் தொழிலுக்கும் சமநீதி வழங்கப்பட்டது. கணக்கு வாத்தியார் மட்டும் கேட்பதற்கு முன்பே கட்டினார். "வரி கட்டறது கடமை சார், ரசீது மட்டும் தெளிவா குடுத்துடுங்க" என்று பணிவாகச் செய்தி அனுப்பினார். அரசாங்கத்துக்குக் கண் கலங்கியது.

வந்த பணத்தில் மேயர் முதல் மக்கள் பணியைத் தொடங்கினார். பட்டறைச் சத்தம் எட்டாத ஒரு குன்றின்மேல் தமக்கு ஓர் அரண்மனை கட்டிக் குடியேறி, அதற்கு 'மக்கள் இல்லம்' என்று பெயர் வைத்தார். தரை அழுக்காகும் என்பதால் மக்கள் அனுமதிக்கப்படவில்லை.

முதலில் கிளம்பியவர் லாரி டிரைவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பின்னால் ஹாரன் அலற, போன் ஸ்பீக்கரில் பேசினார்.

"அண்ணே, ரோட்டுல சுங்கம் கேக்கறவன்கூட சக்கரம் சுத்தற சுத்துக்குக் காசு கேக்க மாட்டான். நான் வட்டத்துக்கு வெளிய கடையைப் போட்டுக்கறேன். நல்லா இருங்க."

போட்டும் விட்டார். கோட்டிலிருந்து நாலு எட்டுத் தூரம்.

அவசரக் கூட்டம் கூடியது. ஒரு குடிமகன் பிரிந்து போனால் இருப்பவர்களுக்கு மனசு வலிக்கும். அந்த வலிக்கு நஷ்டஈடாக 'பிரிவுத் துயர் வரி' விதிக்கப்பட்டது.

"ஆனா மாமா, போனவர்கிட்ட எப்படி வசூலிக்கறது?"

"போறதுக்கு முன்னாடியே வாங்கிடணும்."

"யாரு போகப் போறாங்கன்னு எப்படித் தெரியும்?"

"எல்லார்கிட்டயும் வாங்குங்க மாப்ளே, தானா தெரிஞ்சிடும்."

தெரிந்தது. நர்ஸம்மா அன்றே போனார். சலூன்காரர், கையில் சீப்போடு, மாடியிலிருந்து நேரில் இறங்கி வந்தார்.

"தலைவரே, என் கடையில பேப்பர் படிக்க வர்றவனும் இருக்கான். இவன் நாளைக்கு வேற கடைக்குப் போயிடுவானோன்னு இன்னைக்கே காசு வாங்கிக்கறதில்ல நான்."

"உங்க கடை வேற, அரசாங்கம் வேற."

"ஆமா. என் கடைக்கு ஆள் வருதே!"

அவரும் போனார். வட்டம் சுருங்கியது. அப்போதுதான் சரித்திரத்தில் முன் நடந்திராத ஒரு காரியம் நடந்தது. ஓடைக்கரையில் வீடு கட்டியிருந்த கணக்கு வாத்தியார் இருந்த இடத்திலேயே இருந்தார். ஊர் அவரை விட்டுப் போய்விட்டது.

"சார், எந்திரிச்சுப் பார்த்தா வெளியூர்க்காரனா இருக்கேன். வரி எல்லாம் கட்டியிருக்கேனே சார்?" என்று செய்தி வந்தது.

வெளியூர்க்காரர் ஒருவர் நம் எல்லையோரம் தங்கி நம் காற்றை வாங்குவதால் அவருக்கு 'விருந்தினர் வரி' விதித்தோம். அதையும் கட்டினார்.

அன்று மகள் அடுப்பை அணைத்துவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. இன்னும் பத்துப் பேர்தான் மிச்சம். நான் போனா ஊர்ப் பேரு மேப்புல இருந்து போயிடும். உங்களுக்கு அது எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இத்தனை நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த அடி வரியை எடுத்துடுங்க."

மாப்பிள்ளை வரைபடத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கை ரத்துப் பட்டன் வரைக்கும் போய்விட்டது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எடுங்க மாப்ளே. தாராளமா எடுங்க," என்றேன். "பொண்டாட்டிக்காக சட்டத்தை வளைச்சாருன்னு நாலு பேர் பேசுவாங்க. பேசிட்டுப் போகட்டும்."

கை திரும்பி வந்தது. அப்பேர்ப்பட்ட நேர்மை!

மகள் தன் திரைப் பக்கம் திரும்பினாள். உலையைக் கழற்றி, சுத்தியலைத் தோளில் போட்டு, கோட்டைத் தாண்டி நடந்தாள். மிச்சம் இருந்த கடைக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். வெளியே அவள் உலையைச் சுற்றிக் கடை மேல் கடை முளைத்தது. வரைபடத்தில் எங்கள் ஊர்ப் பெயர் மங்கி, மங்கி, வெறும் பச்சையானது. மாப்பிள்ளை அந்தப் பச்சையை விரலால் தேய்த்துப் பார்த்தார், ஏதோ தூசி மறைத்துக்கொண்டிருப்பது போல.

வட்டம் அதோடு நிற்கவில்லை. சுருங்கிச் சுருங்கிக் குன்றை விட்டு இறங்கியது. 'மக்கள் இல்லம்' வெளியூரில் நின்றது. திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: "தாங்கள் இந்நகரின் குடிமகன் அல்லீர். எனவே மேயர் பதவி காலியாகிறது."

அவர் அன்று சாப்பிடவில்லை. மகள்தான் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "என் பட்டறைக்குப் பக்கத்துல இடம் கிடக்கு, வந்துடுங்க" என்றாள்.

"அங்க என்ன வரி?"

"தெனமும் பாத்திரம் கழுவணும். அங்க இல்ல, இங்க."

இப்போது அவர் வாளுக்குக் கைப்பிடி போடுகிறார். நன்றாகவே போடுகிறார் என்று கேள்வி.

என் திரையில் வேறோர் அறிவிப்பு வந்திருந்தது. மிஞ்சியிருக்கும் ஒரே குடிமகன் என்ற முறையில் நானே மேயர். கஜானாச் சாவியும் என்னிடமே. கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டு அனைவரும் கோட்டுக்கு வெளியே திரண்டு வந்தார்கள். வாத்தியார் ரசீதுகளோடு வந்திருந்தார். கஜானாப் பணம் குடிமக்கள் நலனுக்கு மட்டுமே செலவிடப்பட வேண்டும் என்ற விதியை வருத்தத்தோடு வாசித்துக் காட்டினேன். அன்று முதல் ஒரு காசு வீண் போகாமல், முழுவதும் குடிமக்கள் நலனுக்கே செலவாகி வருகிறது. தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறுகின்றன.

"மாமா," என்றார் மாப்பிள்ளை, "எல்லார் வீடும் வெளிய போச்சு. உங்க குடிசை மட்டும் எப்படி உள்ள இருக்கு?"

"மண்டபத்துச் சுவரை ஒட்டிக் கட்டினேன் மாப்ளே. யோசனை சொல்றவன் வேற எங்க கட்டுவான்?"

மகள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "அப்பா, இந்த ஊர் கட்டின நாள்லேருந்து நீங்க ஒரே ஒரு ஆணியாவது அடிச்சிருக்கீங்களா?"

"அடிச்சிருந்தா நானும் உங்களோட வெளியதானேம்மா நின்னுக்கிட்டு இருப்பேன்?"